கும்பத்துக்குப் பக்கத்தில் ஒரு துவக்கு

என் துவக்கு வெடிக்கவில்லை. விசையை இழுத்தேன். சுத்தியல் விழுந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக் காஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது வரும் சத்தம் இதைவிடப் பெரியது.

வெடிக்காத துவக்கை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். குழாய் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். உள்ளே மருந்து பிந்திப் பற்றக்கூடும், ஆகவே அசையாமல் நன்றாகப் பொறுத்திருக்க வேண்டும். ஒரு கையை உயர்த்திப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் வரிசையில் இருக்கும் எல்லோரையும் நிறுத்துவார். நான் கையை உயர்த்தினேன். அவர் எல்லோரையும் நிறுத்தினார். பக்கத்து மேசைக்காரர் காதுக்கவசத்தைக் கழற்றி, பிளாஸ்கைத் திறந்து, கோப்பி ஊற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். அன்று காலை அவருக்கு நான் ஏற்கெனவே இரண்டு தடவை கோப்பி குடிக்க அவகாசம் கொடுத்திருந்தேன்.

ரொறன்ரோவுக்கு வடக்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, குதிரைப் பண்ணைகளைத் தாண்டிப் போனால் இந்தச் சுடுகளம் வரும். பழைய துவக்குகளில் கருமருந்து எரிப்பதற்கென்று தனியாக ஓர் ஓரம் ஒதுக்கிய கழகம், ஸ்காபரோவிலிருந்து நான் காரில் போய்வரக்கூடிய தூரத்தில், இது ஒன்றுதான். மற்ற இடங்களில் அந்தப் புகையும் கூழ்முட்டை நாற்றமும் யாருக்கும் ஆகாது. நான் அங்கே இன்னும் அங்கத்தவன் அல்ல. பரீட்சார்த்த அங்கத்தவன். பொறுப்பாளரின் கண்முன்னே மூன்று தடவை வந்து, சொந்தத் துவக்கால், சொந்தத் தோட்டாவால், ஒழுங்காகச் சுட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் அங்கத்துவம். இல்லையென்றால் பெயரை வெட்டிவிட்டு, காத்திருப்போர் வரிசையின் கடைசியில் போடுவார்கள். அந்த வரிசையில் நிற்பவர்கள் என் மருமகனின் வயதுக்காரர்கள். அவர்களால் காத்திருக்க முடியும்.

முதல் தடவை, கோடை முடிகிற நேரம், எல்லாத் தோட்டாவும் வெடித்தன. இது இரண்டாவது தடவை.

பொறுப்பாளர் தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர். கோபப்படவே மாட்டார். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. நான் கொடுத்த வெடிக்காத தோட்டாவைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"உங்கள் தோட்டாவில் ஏதோ பிழை," என்றார். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். பனி விழுந்தால் இந்த ஓரத்தை மூடிவிடுவோம். அதற்கு முன்னே கடைசித் தடவை வாருங்கள். அன்று ஒன்றுகூட இப்படிப் போகக் கூடாது."

துவக்கில் பிழை என்று அவர் சொல்லவில்லை. தோட்டாவில் பிழை என்றார். தோட்டா நான் செய்தது.

துவக்கு ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் பழசு. முதலில் அது குழாயின் வாய்வழியே மருந்தைக் கொட்டிக் குண்டை இடித்து இறக்கிச் சுடுகிற பட்டாளத்துத் துவக்கு. பிறகு உலகம் பின்பக்கத்தால் தோட்டா போடுகிற துவக்குக்கு மாறிவிட்டது. புதிதாகச் செய்வதைவிட இருப்பதை மாற்றுவது மலிவு என்று ஏதோ ஓர் அரசாங்கக் கந்தோரில் யாரோ கணக்குக் காட்டியிருக்க வேண்டும். குழாயின் அடியை வெட்டி, பெட்டி மூடி போலப் பக்கவாட்டில் திறக்கும் ஓர் இரும்புக் கட்டையைப் பொருத்தினார்கள். பழைய சுத்தியலை அப்படியே விட்டார்கள். சுத்தியல் இருப்பது பக்கத்தில், தோட்டா இருப்பது நடுவில். ஆகவே இரும்புக் கட்டைக்குள் சாய்வாக ஓடும் ஓர் ஊசியை வைத்தார்கள். சுத்தியல் ஊசியின் தலையில் அடிக்கும். ஊசியின் நுனி தோட்டாவின் பின்புறத்தில் இருக்கும் கேப்பைக் குத்தும். கேப் மருந்தைப் பற்றவைக்கும். சின்ன வயதில் விளையாட்டுத் துவக்கில் வைத்துச் சுட்டோமே, அந்தக் கேப்பின் பெரியண்ணன் இது.

இதற்குக் கடையில் தோட்டா கிடையாது. கேட்டால் கடைக்காரப் பையன்கள் தங்கள் தாத்தாவிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசுவார்கள். நானே செய்ய வேண்டும். வேட்டைத் துவக்கின் பித்தளைக் கோதை, அதாவது தோட்டாவின் வெற்று உறையை, வாங்கி, நீளத்துக்கு வெட்டி, அச்சில் அமுக்கி, கேப் வைத்து, கருமருந்தைத் தராசில் நிறுத்துப் போட வேண்டும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. மிச்ச இடத்தை ரவையால் நிரப்புவது வழக்கம். உப்புமாவுக்கு வைத்திருந்த ரவைதான். குண்டை ஈயத்தில் வார்த்து, தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் கலந்த பசையைத் தடவி மேலே வைத்து அமுக்கினால் ஒரு தோட்டா. ஒரு காலை முழுக்கக் குனிந்திருந்தால் ஒரு சின்னப் பெட்டி நிரம்பும். இடுப்பு அடுத்த நாள் கணக்குக் கேட்கும்.

நான் மிசிசாகாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். ஒரு மாத்திரை ஓரத்தில் உடைந்து வந்தால் அது ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் வேலை. இரசாயனம் படித்தவன். எந்த வேலைக்கும் ஒரு செயல்முறை உண்டு, அந்தச் செயல்முறையைத் திருத்துவதற்கும் ஒரு செயல்முறை உண்டு, இரண்டையும் எழுதியவன் நான். 'காரணம் தெரியவில்லை' என்று முடிகிற அறிக்கையில் நான் கையெழுத்து வைத்ததே இல்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் செய்ததில் பிழை பிடித்தாயிற்று, இனி தொடக்கத்திலிருந்து கடைசிவரை நானே செய்கிற ஒரு பொருள் வேண்டும் என்றுதான் இந்தத் துவக்கை வாங்கினேன். அப்படிச் செய்த பொருளைத்தான் அந்த மனுஷர் உள்ளங்கையில் வைத்து, பழுதான மாம்பழம்போல உருட்டினார்.

துவக்கு வீட்டுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். வசந்த காலத்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கி, போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தேன். சட்டப்படி அது பழம்பொருள். இருந்தும் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, பூட்டு, அலுமாரி எல்லாம் முறைப்படி செய்து வைத்திருந்தேன். என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீங்கள் காசு குடுத்து துவக்கு வாங்கிக்கொண்டு வாறியள்."

"இது நூற்றைம்பது வருஷம் பழசு. இதைத் தூக்கிக்கொண்டு ஒருத்தரும் சண்டைக்குப் போகேலாது."

"அந்தக் காலத்தில தூக்கிக்கொண்டு போனவைதானே?"

ஊரில் அவள் வீட்டுப் படலையைத் துவக்கின் நுனியால் தள்ளித் திறந்தவர்களை இரண்டு மூன்று நிறச் சீருடைகளில் பார்த்தவள் அவள். எனக்கு அது இரும்பும் மரமும். அவளுக்கு அது வேறு. சில நாட்கள் துவக்கு காரின் பின்பெட்டியிலேயே பூட்டிக் கிடந்தது. பிறகு அவளே ஒரு முடிவு சொன்னாள்.

"வருஷா வருஷம் ஆயுத பூசைக்குச் சாமிக்கு முன்னால வைச்செடுக்கோணும். வைச்செடுத்தால் அது உங்கட சாமான், உங்கட சுத்தியல் குறடு மாதிரி. வைக்காட்டி அது துவக்கு. துவக்கு என்ர வீட்டுக்க இருக்கேலாது. வைக்கிறதும் நீங்கள்தான். நான் தொடமாட்டன்."

நான் பெரிய பக்திமான் அல்ல. ஆனால் ஒரு நிபந்தனை தெளிவாகச் சொல்லப்பட்டால் அதை மதிக்கத் தெரிந்தவன். நவராத்திரி முடிகிற அன்று கும்பத்துக்குப் பக்கத்தில் மருமகனின் மடிக்கணினி, காரின் திறப்புச் சாவிகள், அவளுடைய தையல் மெசின், பேரப்பிள்ளைகளின் புத்தகங்கள், கடைசியில் என் துவக்கு. அவள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்து, துவக்கின் முன்னே சந்தனக் கிண்ணத்தை என் கையில் தந்துவிட்டு விலகினாள்.

நான் யோசித்துத்தான் செய்தேன். எதையும் யோசிக்காமல் செய்கிற பழக்கம் எனக்கில்லை. தையல் மெசினுக்கு ஊசிக்கு மேலே வைத்திருந்தாள். மடிக்கணினிக்கு மூடியின் நடுவில். ஒவ்வொரு சாமானுக்கும் அது வேலை செய்கிற இடத்தில் பொட்டு என்பதுதான் அதன் முறை என்று விளங்கியது. என் துவக்கு வேலை செய்கிற இடம் எது? சுத்தியல் வந்து விழும் இடம். அங்கே, ஊசியின் தலைமேல், பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். அடுத்த நாள் துணியால் துடைத்து, எண்ணெய் போட்டு, அலுமாரியில் பூட்டினேன்.

இதை வாசிக்கும் உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. மூன்று கிழமை விளங்கவில்லை.

ஏனென்றால் இரண்டாவது தடவைக்கு முன்னே நான் வேறு பலவற்றையும் மாற்றியிருந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று இளம் பெண்களுக்கும் பையன்களுக்கும் வருஷக்கணக்காக வகுப்பெடுத்தவன், ஓய்வுபெற்ற உற்சாகத்தில் மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினேன். கேப் புதுப் பெட்டி. பசையில் தேங்காயெண்ணெய் புதிது. முன்பு ஒலிவ் எண்ணெய் போட்டிருந்தேன். ரவையை வறுத்துப் போட்டிருந்தேன், ஈரம் இருக்கக் கூடாது என்று. காலநிலை வேறு தன்பாட்டில் மாறியிருந்தது. ஆகவே சந்தேகப்பட எனக்குப் போதுமான ஆட்கள் இருந்தார்கள்.

முதலில் தேங்காயெண்ணெயைக் கைது செய்தேன். குளிரில் அது உறைந்து கட்டியாகும், உருகி மருந்துக்குள் இறங்கியும் இருக்கலாம். சில தோட்டாக்களை உடைத்துப் பார்த்தேன். மருந்து பொடிப்பொடியாக, காய்ந்து, குற்றமற்று இருந்தது. ரவையும் அப்படியே. பிறகு கேப். வேறு கடையில் வேறு பெட்டி வாங்க மார்க்கம் நகரத்துக்கு அப்பால் ஓடினேன். அங்கே கையிருப்பு இல்லை. இன்னொரு கடையில் இருந்தது, ஆனால் அது வேறு அளவு என்பதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். திருப்பிக் கொடுக்கப் போனால் வெடிபொருள் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அது நியாயமான விதி. நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அதனால் இன்னும் கோபம் வந்தது.

இணையத்தில் கேட்டேன். அது நான் செய்த முட்டாள்தனங்களில் பெரியது. ஒருவர் கேப்பை இன்னும் ஆழமாக அமுக்கச் சொன்னார். இன்னொருவர் ஆழமாக அமுக்கியதுதான் பிழை என்றார். மூன்றாமவர் இந்த வகைத் துவக்கை வாங்கியதே பிழை என்று ஒரு கட்டுரை எழுதினார். மூவருக்குள்ளும் சண்டை மூண்டது. நான் கேட்ட கேள்வியை யாரும் அதற்குப் பிறகு தொடவில்லை.

யூனியன்வில்லில் இருக்கும் என் நண்பர், பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், ஆகவே இந்த வயதிலும் அண்ணை, ஒருநாள் தேத்தண்ணிக்கு வந்தார். நான் சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வெடிக்காத கோதுகளின் கேப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தும் குண்டும் இல்லாத வெறும் கோதுகள்தான். மற்றதை மேசைக்குக் கொண்டுவர எனக்கும் விதி உண்டு, மனைவிக்கும் விதி உண்டு.

"என்ன காணும், மாணிக்கக்கல் வியாபாரம் தொடங்கியிட்டீரோ?"

"கேப் பாக்கிறன் அண்ணை. ஏன் வெடிக்கேல்ல எண்டு தெரியேல்ல."

"உம்மட துவக்கும் உம்மைப் போலத்தான். வெடிக்க முன்னம் நாலு தரம் யோசிக்குது."

சிங்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பாமலே சொன்னாள்: "யோசிச்சால் பரவாயில்லை அண்ணை. இவர் யோசிக்கிறதை எங்களுக்கு வாசிச்சும் காட்டுறார்."

"பேசாமல் மான்கொம்பு மாதிரிச் சுவரில கொழுவிவிடும்."

"சுவரிலயோ? என்ர சுவரிலயோ?"

"இல்லைத் தங்கச்சி, கராஜ் சுவரில."

"கராஜும் என்ர சுவர்தான்."

அண்ணை சிரித்துக்கொண்டு ஒரு கோதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கு அதில் எதுவும் தெரியாது. எடுத்த இடத்தில் வைக்கவும் தெரியாது. நான் வரிசையாக அடுக்கியிருந்ததைக் கலைத்துவிட்டார். திரும்ப அடுக்கும்போதுதான் கவனித்தேன். களத்தில் சில தோட்டாக்கள் முதல் அடிக்கு வெடிக்காமல் இரண்டாவது அடிக்கு வெடித்திருந்தன. அவற்றைத் தனியாகப் போட்டிருந்தேன். ஒருமுறையும் வெடிக்காதவற்றைத் தனியாக. இரண்டும் கலந்து பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோது, வெடிக்காததில் இருந்த பள்ளம், நகத்தால் அமுக்கியதுபோல, வெறும் அடையாளமாகத்தான் இருந்தது. கேப்பை ஊசி குத்தவில்லை. தடவியிருந்தது. அதே கேப் இரண்டாவது அடிக்கு வெடிக்கிறது என்றால் கேப்பில் என்ன பிழை?

என் தோட்டாவில் பிழை இல்லை. மூன்று கிழமையாக நான் தவறான சந்தேகநபரை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

படியிறங்கி வீட்டின் அடித்தளத்துக்குப் போய், அலுமாரியைத் திறந்து, துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, இன்னொரு தடவையும் பார்த்து, ஒரு பென்சிலின் அடியால் ஊசியின் தலையை அமுக்கினேன். உள்ளே ஒரு வில் இருக்கிறது; ஊசி உள்ளே போய்ச் சட்டென்று திரும்பி வர வேண்டும். அது பாதிவழி போய் நின்றது. பிறகு என் முழங்கால் நாற்காலியிலிருந்து எழும்புகிற மாதிரி, மெதுவாக, மனமில்லாமல் மேலே வந்தது.

அதைக் கழற்ற வேண்டும். கழற்றக் கூடாது என்பது நானே எனக்குப் போட்ட விதி. ஊசியைப் பிடித்திருக்கும், திருகாணி போன்ற ஒரு சின்னக் கூம்பின் புரிகள் நூற்றைம்பது வருஷத் துருவில் இருக்கின்றன. ஒருமுறை புரி தேய்ந்தால் துவக்கு இரும்புக் கடைக்குத்தான். எண்ணெயில் இரண்டு நாள் ஊறவிட்டு, சரியான சாவி செய்வித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். கூம்பு வந்தது. ஊசி வந்தது. அதோடு சேர்ந்து கருமருந்துப் புகைக் கசடும், அதற்கு நடுவே மஞ்சளாக, பல்லில் ஒட்டின அல்வாத்துண்டு போலக் கொஞ்சமும் வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். கூழ்முட்டை நாற்றம். அதற்கு அடியில் சந்தனம்.

"இஞ்சேரும்! இஞ்ச ஒருக்கா வாரும்!"

துவக்கு வெளியே இருந்தால் அவள் அடித்தளத்துக்கு இறங்க மாட்டாள். படிக்கட்டின் நடுவில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"உதென்ன?"

"சந்தனம். ஊசியில ஒட்டிக் காய்ஞ்சு போய்க் கிடக்கு. இதாலதான் வெடிக்கேல்ல."

"துவக்குக்குள்ள ஆர் சந்தனம் வைச்சது?"

"நீர்தானே பொட்டு வைக்கச் சொன்னனீர்."

"பொட்டு வைக்கச் சொன்னனான். பூசி மெழுகச் சொன்னனானே? நீங்கள்தான் கரண்டியால அள்ளி அப்பினியள். காருக்குக்கூட நான் அவ்வளவு வைக்கேல்ல." ஒரு படி மேலே ஏறியவள் நின்று, "மூண்டு கிழமையா என்ர ரவையில பிழை பிடிச்சியளே," என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு வரியைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுவே போதுமான தண்டனையாக இருந்திருக்கும், அவள் அன்று பின்னேரமே மகளுக்குப் போனில் சொல்லாமல் விட்டிருந்தால்.

ஊசியைச் சுடுநீரில் கழுவி, காயவைத்து, ஒரு துளி எண்ணெயோடு திரும்பப் பூட்டினேன். பனி முதல் தடவை தூறி, நிலத்தில் தங்காமல் கரைந்துபோன கிழமை, கடைசித் தடவைக்குப் போனேன். அண்ணை தானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். "உம்மைத் துரத்தினால் ஆறுதல் சொல்ல ஒரு ஆள் வேணும்தானே," என்றார்.

வானம் ஈயம் போலத்தான் இருந்தது. பொறுப்பாளர் என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் தோட்டா. விசையை இழுத்தேன். அது வெடித்தது. தோள் பின்னே போயிற்று. முன்னால் வெள்ளைப் புகை சுவராக எழும்பி, காற்றில்லாததால் போக மறுத்தது. இரண்டாவதும் வெடித்தது. அடுத்ததும். கொண்டுபோன பெட்டி முடியும்வரை ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. புகை விலகியபின் தொலைநோக்கியில் பார்த்தேன். இலக்கு அட்டையில் ஓர் ஓட்டையும் இல்லை. எல்லாம் அட்டைக்கு மேலாலோ கீழாலோ மண்மேட்டுக்குள் போயிருந்தன. அது கழகத்தின் பிரச்சினை இல்லை. பாதுகாப்பாக வெடிக்கிறதா என்பதுதான் அவர்களுடைய பரீட்சை.

பொறுப்பாளர் துவக்கை வாங்கி, வெறுமையா என்று பார்த்து, மேசையில் வைத்தார்.

"நல்லது. போன தடவை ஏன் வெடிக்கவில்லை?"

என் காதுக்குப் பின்னால் அண்ணை தமிழில் வேகமாகச் சொன்னார்: "குளிருக்குக் கிறீஸ் இறுகிப்போச்செண்டு சொல்லும். கதை முடிஞ்சுது."

அது நல்ல பதில். அந்த மனுஷர் உடனே நம்பியிருப்பார். எத்தனை பழைய துவக்குகளில் அப்படி நடக்கிறது. ஆனால் தொழிற்சாலையில் என்னிடம் வந்த ஒவ்வொரு பொய் அறிக்கையும் இதே மாதிரி நல்ல பதிலாகத்தான் இருந்தது. 'குளிர்', 'ஈரம்', 'இயந்திரம் பழசு'. அவற்றை எழுதியவர்களை மேசைக்கு முன்னே நிறுத்தி வைத்து வியர்க்க வைத்தவன் நான். அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

"சந்தனம்," என்றேன். ஆங்கிலத்தில் அதற்குச் சொல் இருக்கிறது, ஆனால் அது வாசனைத் திரவியக் கடையின் சொல். ஆகவே விளக்க வேண்டியதாயிற்று. வருஷத்தில் ஒருநாள் எங்கள் சாமான்களுக்கு நன்றி சொல்வோம், மரத்தை அரைத்த பசையால் பொட்டு வைப்போம், நான் அதை ஊசியின் தலையில் வைத்துவிட்டேன், அது உள்ளே வழிந்து காய்ந்துவிட்டது.

"துவக்குக்கா நன்றி?"

"கார், கணினி, தையல் மெசின், எல்லாவற்றுக்கும்."

"எண்ணெய் போடுவது போலவா?"

"இல்லை. எண்ணெயால் பிரயோசனம் உண்டு."

அவர் சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்தார். "அப்படியென்றால் நீங்கள் தெரிந்தே அடியூசியில் பசை வைத்தீர்கள்."

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு அது எப்படியோ விளங்கியது.

"அடுத்த வருஷமும் வைப்பீர்களா?"

"இல்லையெண்டு சொல்லும், விசரே!" என்றார் அண்ணை, இப்போது காதுக்குள் அல்ல, உரக்கவே.

இல்லை என்று சொன்னால் அங்கத்துவம். ஒரே ஒரு சொல். ஆனால் அடுத்த புரட்டாசியில் துவக்கைச் சாமிக்கு முன்னே வைக்காவிட்டால் அது என் வீட்டில் இருக்க முடியாது. வீட்டில் இருக்க முடியாத துவக்குக்கு இங்கே அங்கத்துவம் எதற்கு? இந்த மனுஷரிடம் பொய் சொல்ல வேண்டும், அல்லது அவளிடம் சொன்ன சொல்லை மீற வேண்டும். அந்தச் சிக்கலில் என்னை மாட்டியது வேறு யாருமில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"வைப்பேன்," என்றேன். "என் மனைவி துவக்குகளுக்கு நடுவே வளர்ந்தவள். இதை வருஷம் ஒருமுறை கடவுளுக்கு முன்னே வைத்தால்தான் வீட்டுக்குள் விடுவாள். இரும்பில் வைக்க மாட்டேன். மரத்தில் வைப்பேன். ஆனால் வைப்பேன்."

அண்ணை ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பொறுப்பாளர் துவக்கின் மரக் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு மண்மேட்டைப் பார்த்தார். நான் சொன்னதில் அவருக்கு எந்தப் பகுதி உறைத்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. கடைசியில், "சரி. ஆனால் அந்தச் சடங்குக்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் முதல் தடவை வரும்போது, ஊசியைக் கழற்றி என் கையில் தர வேண்டும். நான் பார்த்தபின்தான் சுடலாம். செயல்முறையை எழுதிக் கொண்டுவாருங்கள், கோப்பில் போடுகிறேன்," என்றார். கையைக் குலுக்கினார்.

அங்கத்துவம் கிடைத்துவிட்டது. அதற்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஊசியை ஒவ்வொரு வருஷமும் கழற்ற வேண்டும். எந்தப் புரிகளைத் தொடவே கூடாது என்று காத்தேனோ, அவற்றை இனி வருஷம் தவறாமல் நானே தேய்ப்பேன். அதற்கு மேல், செயல்முறை எழுதி எழுதி ஓய்வுபெற்றவன், துவக்குக்குச் சந்தனம் வைக்கும் முறையை ஆங்கிலத்தில், நோக்கம், பொறுப்பு, எச்சரிக்கை என்று தலைப்புப் போட்டு எழுத வேண்டும். அந்த மனுஷர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அவருடைய இடத்தில் நானாக இருந்தால் இதைத்தான் கேட்டிருப்பேன், இரண்டு பிரதியும் கேட்டிருப்பேன்.

"எடேய், இவ்வளவு படிச்சும் உமக்கு ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியேல்லையே," என்றார் அண்ணை கார்த் தரிப்பிடத்தில், துவக்குப் பெட்டியை நான் பூட்டும்வரை குளிரில் கையைத் தேய்த்தபடி.

காருக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"வெடிச்சதோ?"

"எல்லாம் வெடிச்சது. என்னைச் சேர்த்துக்கொண்டினம்."

"ஏதிலயாவது பட்டதோ?"

"இல்லை. ஒரு குண்டும் அட்டையில படேல்ல."

"ஒண்டிலயும் படேல்லையோ?"

"ஒண்டிலயும் இல்லை."

அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப நல்லது," என்றாள்.

அது நல்லதில்லை, குறிபார்க்கும் பழைய கம்பி உயரம் காணாது, குண்டின் விட்டம் குழாய்க்கு ஒரு மயிரிழை குறைவு, இரண்டையும் குளிர்காலம் முழுக்க இருந்து திருத்த வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவள் போனை வைத்துவிட்டாள்.